பூதப்பாண்டியில் கடல் இல்லை

மக்களே,

நீ ஆப்ஷன் எழுதிக் கொடுத்துவிட்ட செய்தியை நான் சாலைக் கடைத்தெருவில், உன் மாமாவின் இரும்புக் கடையில் வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கொல்லைக் கதவுக்குக் கீல் வாங்கப் போயிருந்தேன். கீலைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே, "பையன் நம்ம ஊருக்கே போறானாமே அத்தான், நல்ல காரியம்" என்றார் உன் மாமா. எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுபோலத் தலையாட்டினேன். தெரியாததைத் தெரிந்ததுபோலக் காட்டிக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு, அது உனக்கே தெரியும். நாஞ்சில்நாட்டுத் தாலுகாக்கள் வருகிற நவம்பரில் மதராஸ் பக்கம் போய்ச் சேர்கின்றன, சர்க்கார் ஊழியர்களிடம் இங்கேயா அங்கேயா என்று எழுதி வாங்குகிறார்கள், இதெல்லாம் பத்திரிகையில் படித்துத்தான் இருந்தேன். அங்கே என்று என் மகன் எழுதிவிட்டதும், பூதப்பாண்டித் தாலுகா ஆபீசுக்குப் போகிறான் என்பதும் மட்டும் பத்திரிகையில் வரவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கத்தினேன். பெற்ற தகப்பனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்று கேட்டேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கேக்காமப் போறாம்னு ஏன் சாடுதீங்க? அவன் கேட்ட காலத்துல நீங்க என்ன பதில் சொன்னீங்க?" என்றாள். அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு தெரியும், யார் சொன்னது என்று கேட்கத் துணிச்சல் வரவில்லை. கீலைக்கூடப் பொருத்தாமல், உன் முகம் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்து இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இன்றோடு நான்கு நாளாகிறது. எழுதுவதைவிடக் கிழிப்பதுதான் அதிகமாக இருக்கிறது.

காலேஜில் என் வேலை என்னவென்று நம் வீட்டில் யாரும் துருவிக் கேட்டதில்லை, நானாகச் சொன்னதும் இல்லை. பிசிக்ஸ் டிபார்ட்மெண்ட் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். சலவை வேட்டி, முழுக்கைச் சட்டை, தோளில் மடிப்புக் கலையாத நேரியல். காலேஜுக்குப் போனதும் அவற்றை ஆணியில் மாட்டிவிட்டுக் காக்கி உடுப்பைப் போட்டுக்கொள்வேன் என்பது உங்களுக்குத் தெரியாது. அட்டெண்டர் என்ற சொல் நம் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது காலேஜ் பையன் எவனாவது சிரித்தால், பக்கத்தில் நீ இருக்கிறாய் என்பதற்காகவே, பாடம் நடத்துகிறவன் மாதிரி கனமாகத் தலையசைப்பேன். நீ என்னை அண்ணாந்து பார்ப்பாய். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் பெரிய பொய்கள்கூடச் சொல்லியிருப்பேன். அதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை, வயிற்றெரிச்சல்தான் இருக்கிறது.

உனக்குப் பதினாலு வயது. சுதந்திரம் வந்ததற்கு மறு வருடம், ஐப்பசி ஆறாட்டு. சுவாமி கடலாட வருவதற்குள் நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று மூன்று மணிக்கே சங்குமுகத்து மணலில் போய் உட்கார்ந்துவிட்டோம். நீ, நான், உன் அம்மா, மாமா, மாமாவின் கடையில் கணக்கு எழுதுகிற இரண்டு பேர். மழை பெய்து வெறித்திருந்தது. வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. நீ மல்லாந்து படுத்துக்கொண்டு, "வானம் ஏம்ப்பா நீலமா இருக்கு?" என்று கேட்டாய். நான் கேட்காததுபோல இருந்திருப்பேன். உன் மாமா விடவில்லை. "அத்தானுக்குத் தெரியாத சயன்ஸா? சொல்லுங்க, நாங்களும் கேட்டுக்கிடுதோம்" என்றார். கணக்கெழுதுகிறவர்கள் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு எதிரே கடல் கிடந்தது. அது நீலமாக இருந்தது. அவ்வளவுதான் என் விஞ்ஞானம். கடலின் நீலம் மேலே போய்ப் பிரதிபலிக்கிறது, கண்ணாடியில் முகம் தெரிகிற மாதிரி என்று நிதானமாக, இரண்டு இங்கிலீஷ் வார்த்தை கலந்து சொன்னேன். மாமா தொடையில் தட்டிக்கொண்டார். நீ எழுந்து உட்கார்ந்தாய்.

"பூதப்பாண்டியில கடல் இல்லையேப்பா. அங்கயும் நீலமாத்தானே இருக்கு?"

கோடை விடுமுறைக்கு அங்கே உன் பெரியப்பா வீட்டில் இருந்துவிட்டு வந்திருந்தாய். மூன்று பக்கமும் மலையும் வயலுமாக இருக்கிற ஊர். என் விஞ்ஞானத்தை நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். எனக்குத் தெரியவில்லை மக்களே, கேட்டுச் சொல்கிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். மறுநாளே கேட்டிருக்கவும் முடியும். எனக்குப் பத்தடி தூரத்தில் ஒரு புரொபசர் தினமும் உட்கார்ந்திருந்தார். நான் என்ன செய்தேன்? பெரியவர்கள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்லி உன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தேன். நீ தலையைத் தடவிக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாய். இரண்டு மணி நேரம் கழித்து வானம் செக்கச் செவேலென்று ஆயிற்று. இப்போது இதையும் கேட்பாயோ என்று எனக்குப் பயமாக இருந்தது. நீ கேட்கவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ பார்த்த பக்கம் வேறு, நான் நின்ற பக்கம் வேறு. வருடத்துக்கு ஒருமுறை எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு சோதனை காட்டுவார்கள். நீளமான கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சில சொட்டுப் பால் விட்டுக் கலக்கி, ஒரு முனையில் விளக்குப் பெட்டியை வைத்து வெளிச்சம் பாய்ச்சுவார்கள். தொட்டியைக் கழுவுவது, தண்ணீர் நிரப்புவது, பால் கொண்டுவருவது எல்லாம் என் வேலை. பாலை நான் நம் வீட்டிலிருந்தேதான் கொண்டுபோவேன், உன் அம்மாவின் பெயர் வெட்டிய அந்தச் சின்னப் பித்தளைத் தூக்கில். எத்தனை சொட்டு விட வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. எதற்கு விடுகிறோம் என்பது மட்டும் தெரியாது. அந்த அறையின் மேற்கு ஜன்னலுக்குக் கதவு கிடையாது. வெளியிலிருந்து கறுப்புத் துணியை ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றில் துணி விலகினால் வெளிச்சம் உள்ளே வந்துவிடும். அதனால் சோதனை தொடங்குகிற நேரத்தில் நான் வராந்தாவுக்குப் போய்த் துணியின் இரண்டு முனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முடிந்ததும் கூப்பிடுவார்கள். உள்ளே வந்து தொட்டியைக் கவிழ்த்துவிடுவேன். இப்படியே இருபத்திரண்டு வருடம் நின்றிருந்தேன். உள்ளே என்ன தெரிகிறது என்று ஒருமுறைகூட யாரையும் கேட்கவில்லை. கேட்டால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடுமே.

அன்றைக்கு நான் காக்கி உடுப்போடு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் சயன்ஸ் சார் உன்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அவர் எங்கள் காலேஜில் படித்தவர், என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். புரொபசர் நாற்காலியில் இருந்தார். சார் சிரித்துக்கொண்டேதான் பேசினார். வானம் ஏன் நீலம் என்று வகுப்பில் கேட்டாராம். கடலின் நிறம் என்று நீ சொன்னாயாம். தப்பு என்று அவர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்களாம். நீ உட்காராமல் நின்றுகொண்டு, என் அப்பா காலேஜில் பிசிக்ஸ் டிபார்ட்மெண்டில் இருக்கிறார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாயாம். இப்படிப் பிடிவாதமாக நிற்கிற பையனுக்குச் சோதனையைக் கண்ணால் காட்டிவிடலாம் என்றுதான் அவர் அழைத்து வந்திருந்தார். உன்னைத் தண்டிக்க வரவில்லை. அது எனக்கு அப்போது புரியவில்லை. புரொபசர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"இது நிங்ஙள் பறஞ்ஞு கொடுத்ததாணோ?" என்று சார் என்னிடம் கேட்டார். நீங்கள் சொல்லிக் கொடுத்ததா என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நான் அப்படி ஒண்ணும் சொல்லல சார். இவன் எங்கயோ கேட்டுட்டு வந்து எம் பேரச் சொல்லுதான்" என்றேன்.

சாரின் சிரிப்பு போய்விட்டது. உன் பக்கம் திரும்பி, "கள்ளம் பறயருது, கேட்டோ" என்றார், பொய் சொல்லக் கூடாது என்று. நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் உடுப்பைப் பார்த்தாய், கையிலிருந்த துணியைப் பார்த்தாய், பிறகு மேஜைமேல் இருந்த தூக்கைப் பார்த்தாய். அதில் உன் அம்மாவின் பெயர் இருந்தது. "சரி சார்" என்று சொன்னாய். இல்லை சார், இவர்தான் சொன்னார், கூட மாமாவும் இருந்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாலைத் தொட்டியில் விட்டேன். இரண்டு சொட்டுக் கூடுதலாக விழுந்தது. மாணவர்கள் வந்தார்கள். நான் வழக்கம்போல வெளியே போய்த் துணியைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே "ஆ" என்று எல்லாரும் சொல்கிற சத்தம் கேட்டது. அதில் உன் குரலும் இருந்ததா என்று காதைத் துணியோடு ஒட்டவைத்துக் கேட்டேன். எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து நீ பால் விட்ட காப்பி குடிப்பதில்லை. உடம்புச் சூடு என்று உன் அம்மா நினைத்துக்கொண்டாள், அல்லது நினைப்பதுபோல இருந்தாள். பள்ளிக்கூடத்தில் உன்னைக் "கடலு, கடலு" என்று கூப்பிடுகிறார்கள் என்பது தெருவில் பையன்கள் கூப்பிட்டபோது எனக்குத் தெரிந்தது. காலேஜில் நான் யார் என்று நீ வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சலவை வேட்டியும் நேரியலுமாக நான் கிளம்பும்போது கதவைத் திறந்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றாய். அந்த மரியாதையைப்போல என்னை எதுவும் அடித்ததில்லை. இன்டர்மீடியட்டில் சேரும்போது சயன்ஸ் குரூப்புக்கு வேண்டிய மார்க்கு உனக்கு இருந்தது. நீ சரித்திரம் எடுத்தாய். நீ அந்த அறைக்கு மாணவனாக வருவாய், உனக்காக நான் தொட்டியைக் கழுவி வைப்பேன் என்றெல்லாம் ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். அதற்கும் காரணம் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்ற பயம்.

உன்னையும் சும்மா விடப் போவதில்லை. எட்டு வருடம் நீ என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. எந்தச் சட்டை வாங்கலாம், எந்த வேலைக்கு மனுப் போடலாம், பல்வலிக்கு யாரிடம் போகலாம், ஒன்றும் கேட்கவில்லை. நான் எதையாவது சொன்னால் "சரிப்பா" என்பாய். ஒரு மனிதனைக் குற்றம் சொல்லாமலே தண்டிப்பது எப்படி என்று உன்னிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாளாவது என்னைப் பார்த்து, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று சண்டை போட்டிருக்கக் கூடாதா? நான் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். உனக்குக் கோபம் தலைக்கேறியிருக்கும். அதில் ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். நீ நல்ல பிள்ளையாக இருந்து என்னைக் கொன்றாய்.

நான் ஓய்வுபெற்றதற்கு முந்தின மாதம் அந்தச் சோதனை கடைசியாக ஒருமுறை வந்தது. பழைய புரொபசர் இறந்துபோய் வேறு ஒருவர், உன் வயதைவிடச் சற்றுக் கூடுதலான இளைஞர், வந்திருந்தார். பாலை விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போனேன். செடி நட்ட பாத்திக்கு அணையாகச் செங்கல் பதித்திருந்தார்கள். இரண்டைப் பிடுங்கித் துணியின் இரண்டு முனைகளிலும் ஜன்னல் திண்டின்மேல் வைத்தேன். துணி அசையவில்லை. நான் இத்தனை வருடமாகச் செய்துவந்த வேலையை இரண்டு செங்கல் செய்துவிட்டன. உள்ளே போய் மாணவர்களுக்குப் பின்னால் சுவரோடு நின்றேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தொட்டித் தண்ணீர் நீலமாக இருந்தது. நம் வீட்டுப் பால்தான், எந்தச் சாயமும் இல்லை. நீலம் போட்டு அலசிய வெள்ளை வேட்டியில் தெரியுமே, அந்த மாதிரி இளநீலம். வெளிச்சம் வெளியேறுகிற மறுமுனையைப் பார்த்தால் சங்குமுகத்துச் சாயங்காலம்போலச் செவந்து கிடந்தது. பதினாலு வயதில் இதைப் பார்த்துவிட்டு நீ எப்படி ஒன்றும் சொல்லாமல் என்னோடு நடந்து வீட்டுக்கு வந்தாய்?

எல்லாரும் போன பிறகு அந்த இளைஞரிடம், எனக்குப் புரியவில்லை, சொல்லித் தர முடியுமா என்று கேட்டேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்தது அதுதான் முதல் தடவை. என் தலை ஒன்றும் கழன்று விழுந்துவிடவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு இரண்டு தடவை சொன்னார். சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் கலந்திருக்கிறதாம். காற்றில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள்மேல் அது படும்போது சிவப்பு பெரும்பாலும் நேராகப் போய்விடுகிறது, நீலம்தான் அதிகமாகச் சிதறி நாலாபக்கமும் போகிறது. அப்படிச் சிதறியது எல்லாத் திசையிலிருந்தும் நம் கண்ணுக்கு வருவதால் வானம் முழுக்க நீலமாகத் தெரிகிறது. சாயங்காலத்தில் வெளிச்சம் காற்றில் நெடுந்தூரம் வர வேண்டியிருக்கிறது, வழியிலேயே நீலம் சிதறிப்போய்ச் சிவப்பு மிஞ்சுகிறது. பால் சொட்டு தண்ணீரில் அந்தக் காற்றின் வேலையைத்தான் செய்கிறது. கடலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்றும் சொன்னார். நீலத்தைவிட ஊதா இன்னும் அதிகமாகச் சிதறுகிறதாம். ஆனால் சூரியனிடமிருந்து வருவதே அது குறைவு, போதாததற்கு நம் கண் ஊதாவை அவ்வளவு நன்றாக வாங்கிக்கொள்வதில்லை. ஆகவே வானம் நமக்கு நீலம். எதிரே இருப்பதை எல்லாம் மனுஷக் கண் பார்த்துவிடுவதில்லை என்று அவர் சொன்னபோது, தூக்கைப் பார்த்துக்கொண்டு நின்ற உன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அதை நான் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை.

என்ன பார்க்கவில்லை என்று இப்போது சொல்கிறேன். நீ கடல் கதையை நம்பவே இல்லை. மணலில் உட்கார்ந்திருந்தபோதே அதைத் தப்பு என்று கண்டுபிடித்தவன் நீ. பூதப்பாண்டியைக் காட்டி என்னை மடக்கியவன், வகுப்பில் போய் அதையே எப்படிச் சரி என்று சொல்லுவான்? தப்பு என்று தெரிந்தேதான் சொன்னாய். அப்பா சொன்னது தோற்கக் கூடாது என்பதற்காக நாற்பது பையன்கள் சிரிக்கச் சிரிக்க நின்றாய். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைப் பொய்யன் ஆக்கினேன். இது எனக்கு உறைக்க எட்டு வருடமும் இரண்டு செங்கல்லும் வேண்டியிருந்தன.

போன வெள்ளிக்கிழமை உன் சாரைத் தேடிப் போனேன். அவர் இப்போது உன் பள்ளிக்கூடத்தில் இல்லை. வெள்ளிதோறும் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வருவார் என்று சொன்னார்கள். ஒருபக்கம் தேங்காய்ச் சில்லு தெறித்துக்கொண்டிருக்க, கூட்டத்தில் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "அண்ணைக்குக் கடல்னு சொல்லிக் கொடுத்தது நாந்தான் சார். எம் மவன் பொய் சொல்லல" என்றேன். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார், சுகம்தானா என்று விசாரித்தார். எந்தப் பையன், எந்தக் கடல் என்று கேட்டார். நான் முழுக்கதையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவி யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கு ஓர்மையில்லல்லோ" என்றார். பிறகு, கடல் என்று பையன் சொன்னது ஒன்றும் மோசமில்லை, பெரியவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள் என்று சமாதானமாக என் தோளில் தட்டிவிட்டுப் பூச்சட்டி விற்கிறவனிடம் விலை கேட்கப் போய்விட்டார். உன் பள்ளிக்கூட நாட்களை நாசமாக்கிய விஷயம் அவர் மனசில் ஒரு வாரம்கூடத் தங்கியிருக்கவில்லை. நான் ஒரு வார்த்தையில் அழித்தது யாருக்கும் ஞாபகமில்லாத ஒன்று. புரொபசரும் இல்லை. எஞ்சியிருப்பது நீயும் நானும்தான்.

ஆகவே உன்னிடம் சொல்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நீ "சரிப்பா" என்று சொல்லிவிடுவாய், அதைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியாது. இங்கேயே இருந்துவிடு என்றும் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போட்டது போட்டதுதான், நன்றாகப் போய் வா. உன் அம்மா அந்தப் பித்தளைத் தூக்கில் உனக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டு வைக்கிறாள். வேண்டாம், வேறு பாத்திரத்தில் போடு என்று நான் சொன்னேன், அவள் கேட்கவில்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும், அதுவும் உன்னை ஏதாவது கேட்கும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

நீ கடைசியாக என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, குட்டுத்தான் வைத்தேன். பூதப்பாண்டியில் போய் இறங்கியதும், ஆபீசுக்குள் நுழையும் முன்பு ஒரு தடவை அண்ணாந்து பார். நீலமாகத்தான் இருக்கும். அங்கே கடல் கிடையாது மக்களே, அன்றைக்கே நீ சொன்னதுதான் சரி.

இப்படிக்கு,
உன் அப்பா